பார்வோன் மகளுக்குப் பக்கத்தில் கிடந்தவன்

ஸ்லீவ் மிஷ் மலையடி,
ட்ராலி வழி, கெர்ரி.
1924 மார்ச் 9

தங்கச்சி கோப்னெட்டுக்கு அண்ணன் டியர்மிட் சொல்லி எழுதுவது.

மேலே இலக்கம் போட்டவன் தபால்கார மர்ட்டி. எனக்கு எழுத்தும் தெரியாது, இலக்கமும் தெரியாது. என் கணக்கு வேறு. சிறையில் பட்டினி கிடந்த பையன்கள் எலும்பும் தோலுமாக வீடு திரும்பிய குளிர்காலத்துக்கு அடுத்த வசந்தம் இது. அடுப்புக்கு வெட்டிவைத்த கரிமண் காயாமல் பாதிப் பள்ளத்தாக்கு புகையைத் தின்றுகொண்டிருந்த வருஷம். எகிப்தில் அந்தச் சின்ன வயது ராஜாவின் கல்பெட்டி மூடியைக் கயிறு கட்டித் தூக்கினார்கள் என்று மர்ட்டி பத்திரிகை படித்துக் காட்டிய மாதத்துக்கு மறு மாதம். உன் ஃபீனனை என் வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போய் ஒரு வருஷம்.

இந்த ஒரு வருஷமாக நீ எனக்கு எழுதவில்லை. பங்குச் சாமியாருக்கு எழுதினாய். அவர் ஒரு வரியை மட்டும் எனக்குப் படித்துக் காட்டினார். "என் மகனை அண்ணனிடம் அனுப்பினேன், அண்ணன் அவனை மண்ணுக்கு அனுப்பினான்." நான் மறுத்துப் பேசப்போவதில்லை. காய்ச்சலில் உன் புருஷன் செத்த பிறகு, பாஸ்டன் தெருவில் பிள்ளை கெட்டுப்போவானென்று பயந்து என்னிடம் அனுப்பினாய். பதினான்கு வயதில் வந்தான். பத்தொன்பதில் போனான்.

சாமியார் உனக்கு எதைச் சொன்னார், எதை விட்டார் என்று எனக்குத் தெரியாது. நான் நேராகச் சொல்லிவிடுகிறேன். உள்நாட்டுச் சண்டை முடிகிற நேரம். மலையில் பதுங்கியிருந்த நம்மூர்ப் பையன்கள் விடியற்காலையில் வந்தார்கள். நாலு பேர். மூவர் துப்பாக்கியோடு உள்ளே வந்தார்கள். நாலாவது ஆள் வேலிக்கு வெளியே நின்றான். ட்ராலியில் ராணுவ முகாமுக்குள் ஃபீனன் போய்வந்ததைப் பார்த்தார்களாம். "ரெண்டு கேள்வி கேட்டுட்டு அனுப்பிடுறோம், டியர்மிட். பயப்படாதே" என்றான் மூத்தவன். ஃபீனன் கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். "மாமா, மிச்சத்த நாய்க்கு ஊத்தாதீங்க, வந்து குடிக்கிறேன்" என்றான்.

மறுநாள் சாயங்காலம் வந்து இடத்தைக் காட்டினார்கள். ஒற்றனுக்குத் தேவாலய மண் கிடையாது என்றார்கள். பார்வோன் மகளின் கல்லுக்கு வடக்கே.

அந்த இடம் என்னவென்று உனக்கு மறந்திருக்காது. ஞானஸ்நானம் பெறாமல் செத்த குழந்தைகளை அப்பன்மார் பொழுது சாய்ந்ததும் துணியில் சுற்றி எடுத்துப்போகிற இடம். பெயரும் இல்லை, சிலுவையும் இல்லை. என் பெண்டாட்டி மோர் பெற்ற இரண்டும் அங்கேதான் கிடக்கின்றன. பார்வோன் மகளும் ஞானஸ்நானம் பெறாத தாய்தானே, அதனால் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வாள் என்று நம் பெண்கள் சொல்லிக்கொள்வார்கள். ஆனால் ஃபீனன் குழந்தை இல்லை. பாஸ்டன் கோயிலில் தண்ணீர் ஊற்றிப் பெயர் வைத்த பிள்ளை. அவன் கிடக்கவேண்டியது அப்பா அம்மா பக்கத்தில்.

சாமியார் கதவைத் தட்டினேன். "காலம் சரியாகட்டும்" என்றார். அவன்மேல் மண்வெட்டி வைக்கிறவன் அந்த நாலு பேரையும் எதிர்க்கிறவன் ஆகிறான். யார் வைப்பார்கள்?

இப்போது ஒரு ஆள் வந்திருக்கிறார். பெல்லமி துரை. நைல் நதியில் அணை கட்டின பொறியாளர், ஓய்வு பெற்றவர், வேதக்காரர், கத்தோலிக்கர் இல்லை. பார்வோன் மகள் ஸ்கோட்டா நம் பள்ளத்தாக்கில் கிடக்கிறாள் என்று பழைய சுவடிகளில் படித்திருக்கிறாராம். நம் சாவு வீட்டில் பெண்கள் கைகொட்டி முன்னும் பின்னும் ஆடி அழுகிற மாதிரியே நைல் கரையிலும் அழுகிறார்களாம். நம் மூதாதை கேல் என்பவரை எகிப்தில் பாம்பு கடித்தது, மோசே கோலால் தொட்டுக் குணமாக்கினார், கழுத்தில் பச்சைத் தழும்பு நின்றது என்ற கதையையும் விடவில்லை. சாராயக்கடையில் ஒவ்வொருவன் கழுத்தையும் விளக்கு வைத்துப் பார்த்தார்.

"என் கழுத்துல அழுக்குதான் இருக்கு, துரை. ஞாயித்துக்கிழமை வாங்க, கழுவியிருப்பேன்" என்றான் கொல்லன்.

"பச்சைத் தழும்பு வேணும்னா இவன் பெண்டாட்டியக் கேளுங்க, துரை. முதுகுல இருக்கும், அவ அடிச்சது" என்றான் இன்னொருவன்.

துரை சிரிக்கவில்லை. பார்வோன் மகளைத் தோண்டப்போகிறார். நிலத்துக்காரனிடம் அனுமதி வாங்கிவிட்டார். சரியான இடம் எது என்று யாரைக் கேட்டாலும் பழங்கதை தெரிந்தவன் என்று என்னைத்தான் காட்டுகிறார்கள்.

நான் எந்த இடத்தைக் காட்டுகிறேனோ அங்கே தோண்டுவார். பட்டப்பகலில், சாமியாரும் போலீசும் பார்க்க. வெளியூர்க்காரன் மண்வெட்டிக்கு யாரும் பயம்காட்ட முடியாது. வெளியே வந்தவனைத் திரும்ப அங்கே போடச் சொல்ல யாருக்கும் வாய் வராது.

இந்த இடத்தில் மர்ட்டி பேனாவை வைத்துவிட்டான். "இதையெல்லாம் எழுதணுமா, டியர்மிட்?" என்கிறான்.

"கடுதாசியக் கொண்டுபோறதுதான் உன் வேலை, உள்ள இருக்கிறதுக்கு நீ பொறுப்பில்ல. எழுதுடா" என்றேன்.

நீ பெற்றவள். செத்தவனை எழுப்புவது பாவம் என்று நீ நினைத்தால் நான் துரைக்கு வேறு மேட்டைக் காட்டிவிடுவேன். உன் சொல்லுக்குக் காத்திருக்கிறேன்.

டியர்மிட்
(அவன் போட்ட சிலுவைக் குறி)

✦

பாஸ்டன், மாசச்சூசெட்ஸ்.
1924 ஏப்ரல் 6

அண்ணனுக்கு,

எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். கஞ்சியைப் பற்றி எழுதியிருக்கிறாய். அதைப் படித்த பிறகு எழுதாமலிருக்க முடியவில்லை. அந்த மிச்சக் கஞ்சியை என்ன செய்தாய் என்று நீ எழுதவில்லை. எழுதாதே.

எனக்கு இங்கே ஆபி என்று பெயர். கோப்னெட் என்று கூப்பிட நான் வேலை செய்கிற இந்த வீட்டுக்காரம்மாவுக்கு நாக்கு வரவில்லை. என்னைக் கோப்னெட் என்று கூப்பிட்டவர்களில் ஃபீனனின் அப்பா போய்விட்டார். மீதி நீதான். அதனால்தான் உன்மேல் இவ்வளவு கோபம். கோபப்பட வேறு ஆள் இல்லை.

இந்த ஊரில் எல்லாருக்கும் எகிப்துப் பைத்தியம் பிடித்திருக்கிறது. வீட்டுக்காரம்மா தொப்பியில் எகிப்து வண்டு ஊசி குத்திக்கொண்டு போகிறாள். ஞாயிற்றுக்கிழமை விடுமுறையில் பெரிய அருங்காட்சியகத்துக்குப் போனேன். ஒரு எகிப்துக்காரியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்கவைத்திருக்கிறார்கள். தலைமயிர் செம்பட்டை. மூக்கு நம் அத்தை மூக்கு. ஒரு நிமிஷம் எனக்கே பகீரென்றது. அப்பா சொன்னது நிஜமாயிருக்குமோ, இவள் நம் சொந்தமோ என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் அவளுக்குத் தலைமாட்டில் பெயர் எழுதியிருக்கிறது. யார் மகள், யார் மனைவி, எல்லாம் இருக்கிறது. யாரும் தொடாமலிருக்க ஒரு காவல்காரன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். பெட்டியில் நெற்றியை வைத்து அழுதேன். அவன் வந்து, "அம்மா, கண்ணாடி அழுக்காகுது" என்றான்.

மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் செத்தவளுக்குக் காவல் இருக்கிறது. என் பிள்ளைக்கு ஒரு பலகை இல்லை.

தோண்டு. சாமியாருக்கு நான் தனியாக எழுதுகிறேன். அவன் ஞானஸ்நானச் சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். அவர் முகத்துக்கு நேரே நீட்டு.

இரண்டு விஷயத்துக்கு நீ பதில் சொல்லவேண்டும். ஒன்று, அந்த நாலு பேர் யார்? துப்பாக்கியைப் பார்த்தவன் முகத்தைப் பார்க்காமலா இருந்திருப்பாய்? நீ அவர்கள் அப்பன் பெயரையும் தாத்தன் பெயரையும் சேர்த்துச் சொல்லக்கூடியவன். இரண்டு, என் மகன் ராணுவ முகாமுக்கு எதற்குப் போனான்? அவனுக்கு அங்கே என்ன வேலை?

சின்ன வயதில் அப்பா சொல்வாரே, ஈத் என்ற பெரியவர் கப்பலேறி நம் தேசத்துக்கு வந்தார். "உங்கள் நிலம் நல்ல நிலம், தேனும் மீனும் கோதுமையும் உள்ள நிலம்" என்று புகழ்ந்தார். இவ்வளவு புகழ்கிறவன் வேவு பார்க்க வந்தவன்தான் என்று கொன்றுவிட்டார்கள். அவர் ஒருவருக்காகப் பழிவாங்க அவர் சொந்தக்காரர் மீலின் பிள்ளைகள் கப்பல் கப்பலாக வந்தார்கள். மீலின் பெண்டாட்டி பார்வோன் மகளும் கூட வந்தாள். என் ஃபீனனும் அப்படித்தான் வாய் ஓயாமல் புகழ்வான். "அம்மா, இங்கே மலையிலிருந்து பார்த்தால் கடல் இரண்டு பக்கமும் தெரிகிறது" என்று எழுதுவான். அவனுக்காக யார் வந்தார்கள்? பெயரைச் சொல். நான் வருகிறேன். அவர்கள் ஒவ்வொருவர் வாசலிலும் மண்டியிட்டு அவர்களைச் சபிக்கிறேன்.

இன்னொன்று. வாத்தியாரிடம் போய் எழுதச்சொல்லக் கூடாதா? மர்ட்டி எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது. நாலு பேர் வந்ததைச் சொல்கிற இடத்தில் மை கொட்டி, பாதி வரி ஊகித்துப் படிக்கவேண்டியிருந்தது.

கோப்னெட்

✦

மலையடி.
1924 ஜூன் 22

தங்கச்சிக்கு,

முடிந்தது. அப்பா காலடியில் கிடக்கிறான். அதை முதலில் சொல்லிவிட்டேன். இனி நடந்ததைச் சொல்கிறேன்.

துரை எட்டு ஆட்களை ட்ராலியிலிருந்து கொண்டுவந்தார். நம் பள்ளத்தாக்கில் ஒருத்தனும் கூலிக்கு வரவில்லை, குழந்தைகள் கிடக்கிற மண்ணாயிற்றே. பெண்கள் சுவருக்கு வெளியே வரிசையாக நின்றார்கள். நான் துரைக்கு முன்னால் நடந்தேன். கல்லுக்குத் தெற்கே குழந்தைகள், அந்தப் பக்கம் போகவே விடவில்லை. வடக்கே வந்து கோலை ஊன்றினேன்.

"இங்கதான்னு எப்படிச் சொல்றே?" என்றார்.

"இங்க ஒருத்தர் கிடக்கிறது நிச்சயம், துரை" என்றேன். பொய் இல்லை.

சாமியாரும் சார்ஜண்டும் வந்திருந்தார்கள். பார்வோன் மகள் வெளியே வந்தால் பத்திரிகையில் தங்கள் படமும் வருமே. அரைப் பகல்கூட ஆகவில்லை. ஒருத்தன் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான். முதலில் தெரிந்தது பூட்ஸ். நல்ல அமெரிக்க பூட்ஸ், தோல் இன்னும் கெட்டுப்போகவில்லை. கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியக் கயிறு. மற்றதைச் சொல்லமாட்டேன்.

துரை குழிக்குள் எட்டிப் பார்த்தார். "கிழவா, இது இளவரசி இல்ல."

"இல்ல, துரை."

"உனக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும், துரை."

"மூணு மாசமா என்கூட உக்காந்து டீ குடிச்சிருக்க. உன் கதையக் கேட்டு ராத்திரியெல்லாம் எழுதியிருக்கேன். என்னக் கூலிக்காரனாக்கிட்ட."

"வேற ஒருத்தனும் தோண்ட மாட்டான், துரை."

அடிப்பார் என்று நினைத்தேன். மண்மேட்டில் உட்கார்ந்துவிட்டார். "யார் பிள்ளை?" என்றார். சொன்னேன். அவருடைய மகன் சூயஸ் பக்கம் மணலில் எங்கேயோ கிடக்கிறானாம், பெரிய சண்டையில் போனவன். எந்த மணல் என்று யாருக்கும் தெரியாதாம். "உங்க ஊர்ல எங்க பொண்ணு, எங்க ஊர்ல உங்க பையன்னு எகிப்துக்காரங்க யாராவது நெனச்சு அவன நல்லபடியா வச்சிருப்பாங்கன்னு ஒரு பைத்தியக்கார நெனப்பு" என்றார். அவர் ஏன் தோண்டவந்தார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சாமியாரிடம் ஞானஸ்நானச் சீட்டை நீட்டினேன். வாங்கிப் படித்தார், கோயில் மண்ணுக்குச் சரி என்றார். விசாரணை நடந்தது. அடையாளம் தெரியாதவர்களால் சுடப்பட்டான் என்று எழுதிக்கொண்டார்கள். எழுதினவன் முதல் கேட்டவன் வரை எல்லாருக்கும் அடையாளம் தெரியும்.

பெட்டியைத் தூக்கத்தான் ஆள் வரவில்லை. செத்தவனின் குடும்பப் பெயர் உள்ள நாலு பேர் முதலில் தோள்கொடுக்கவேண்டும். அவன் அப்பன் பெயர் இந்தப் பக்கம் யாருக்கும் இல்லை. வேறு யாராவது வந்தால் போதுமென்று கோயில் வாசலில் நின்றேன். சாலையோரம் இருந்த கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. கொல்லன் பட்டறையில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது, ஆள் இல்லை. கடைசியில் துரை கோட்டைக் கழற்றினார். சார்ஜண்ட் தொப்பியைக் கழற்றினார். வேதக்காரர் ஒருவர், போலீஸ்காரர் ஒருவர், கிழவன் ஒருவன். பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. அப்போது சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு ஆள் வந்து நாலாவது மூலையில் தோள்கொடுத்தான். மர்ட்டி.

இதை எழுதமாட்டேன் என்கிறான். எழுது. உள்ளதுதானே.

நீ கேட்ட இரண்டுக்கும் பதில் இப்போது கிடையாது. நீ வருவேன் என்கிறாய். பார்வோன் மகளும் அப்படித்தான் ஒரு ஆளின் சாவுக்குக் கணக்குத் தீர்க்கக் கடல் தாண்டி வந்தாள். வயிற்றில் பிள்ளையோடு இந்த மலைச்சரிவில் விழுந்தாள். அவள் வந்ததால் ஈத் எழுந்து உட்காரவில்லை. அந்த நாலு பேருக்கும் அண்ணன் தம்பி உண்டு, செத்துப்போன நம் அக்கா வீட்டிலும் இரண்டு பையன்கள் உண்டு. நான் வாயைத் திறந்தால் வடக்குப் பக்கம் இன்னும் குழி விழும்.

டியர்மிட்
(சிலுவைக் குறி)

✦

பாஸ்டன்.
1924 ஜூலை 20

அண்ணனுக்கு,

உன் கையை முத்தமிடுகிறேன். பெல்லமி துரைக்கும் சார்ஜண்டுக்கும் மர்ட்டிக்கும் பூசை வைக்கச் சொல்லியிருக்கிறேன். வேதக்காரருக்குப் பூசை வைக்கலாமா என்று இங்கே சாமியார் கேட்டார். என் மகனைத் தூக்கினவர், வையுங்கள் என்றேன்.

ஆனால் நீ பூட்ஸ் என்று எழுதியிருக்கிறாய். அமெரிக்க பூட்ஸ்.

அந்தக் குளிர்காலத்தில், கால் விரல் வெளியே தெரிகிறது அம்மா என்று எழுதியிருந்தான். பழுப்பு நிறத்தில் ஒரு ஜோடி வாங்கிப் பார்சலில் அனுப்பினேன். பாலங்களை உடைத்துவிட்டார்கள், ரயில் ஓடவில்லை என்று பத்திரிகையில் போட்டிருந்தான். பார்சல் போய்ச் சேர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. அவன் சேர்ந்தது என்று எழுதவில்லை. எழுத நாள் இருந்திருக்காது.

அது பழுப்பு நிறமா?

ரயில் ஓடாதபோது பார்சல்களை எங்கே வைத்திருந்தார்கள்? ராணுவ முகாமிலா? அவன் அதை வாங்கத்தான் போனானா?

ஆமாம் அல்லது இல்லை. அவ்வளவு போதும். நான் அனுப்பினதுதான் அவனை அங்கே கூட்டிக்கொண்டு போனதா? அதற்குப் பதில் வராமல் வேறு எதுவும் எழுதாதே.

கோப்னெட்

✦

1926 மார்ச்

அண்ணனுக்கு. மூன்றாம் வருஷப் பூசை வைத்தேன். நான் கேட்டது நிற்கிறது. யார்? எதற்குப் போனான்?

கோப்னெட்

✦

1926 ஏப்ரல்

தங்கச்சிக்கு. ஃபீனன் தலைமாட்டில் கல் நட்டாயிற்று. பெல்லமி துரை கல்கொத்தனை அனுப்பினார். பெயர் தெளிவாக இருக்கிறது என்று மர்ட்டி படித்துச் சொன்னான். புல் நன்றாக வருகிறது.

டியர்மிட்

✦

1929 மார்ச்

அண்ணனுக்கு. புல்லைப் பற்றிக் கேட்கவில்லை.

கோப்னெட்

✦

1929 ஏப்ரல்

தங்கச்சிக்கு. துரை இறந்துவிட்டார். கடைசிவரை பார்வோன் மகள் தெற்கே இருக்கிறாளா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தெற்கே குழந்தைகள் மட்டும்தான், துரை, என்றேன். சரி, அவங்க தூங்கட்டும் என்றார். உன் கடிதத்தை மர்ட்டி இரண்டு தடவை படித்துக் காட்டினான். நான்தான் படிக்கச் சொன்னேன்.

டியர்மிட்

✦

பாஸ்டன்.
1937 அக்டோபர் 3

அண்ணனுக்கு,

எனக்கு இதயம் கெட்டுப்போய்விட்டது. மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சமையலறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில் கிடக்கிறேன். இனிமேல் கப்பல் இல்லை. யார் வாசலிலும் வந்து மண்டியிட என்னால் முடியாது. ஆகையால் நீ பயந்ததெல்லாம் போயிற்று.

பதின்மூன்று வருஷம் பழுப்பு நிற பூட்ஸைக் கனவில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடையில் அதைக் கையில் எடுக்கிறேன், திரும்ப வைத்துவிடப் பார்க்கிறேன், கை விடமாட்டேன் என்கிறது. நான் கொன்றேன் என்றால் நான் கொன்றேன் என்று சொல்லிவிடு. தெரியாமல் சாக முடியவில்லை.

கோப்னெட்

✦

மலையடி.
1937 நவம்பர் 7

தங்கச்சி கோப்னெட்டுக்கு,

இங்கிலாந்து ராஜா ஒரு பெண்ணுக்காகக் கிரீடத்தைக் கழற்றிவைத்த மறு வருஷம், நம் தேசத்துக்குப் புதுச் சட்டம் வேண்டுமா என்று ஓட்டு வாங்கின வருஷம் இது. எனக்கு இப்போது ஒரு கண் தெரியவில்லை. மற்றதெல்லாம் நேற்று நடந்த மாதிரி தெரிகிறது.

உன் பூட்ஸ் பழுப்பு நிறம்தான். அதை வாங்கத்தான் போனான். ஆனால் உன்மேல் பழி இல்லை. எப்படி நடந்தது என்று கேள்.

பார்சலை முகாமில்தான் வைத்திருந்தார்கள். அதற்கு ஒரு சீட்டு வந்தது. தபால்காரன் கொண்டுவந்து வாசலில் கொடுத்தான். "ஃபீனன், உங்க அம்மா என்னமோ அனுப்பியிருக்கு, முகாமுல போய் வாங்கிக்கணுமாம்" என்றான். ஃபீனன் அந்தச் சீட்டை என் முகத்துக்கு நேரே ஆட்டினான். அன்றைக்கே நடந்துபோய் வாங்கி, அங்கேயே மாட்டிக்கொண்டு, பழசை ஆற்றில் எறிந்துவிட்டு வந்தான். அடுப்படியில் கால் மாற்றிக் கால் தூக்கிக் காட்டினான். அவ்வளவு சந்தோஷத்தை நான் அந்த வீட்டில் பார்த்ததில்லை. அதையும் நீ தெரிந்துகொள்ளவேண்டும்.

மலையிலிருந்த பையன்களில் இரண்டு பேரை அந்த வாரம் ராணுவம் பிடித்துச் சுட்டுவிட்டது. யாரோ காட்டிக்கொடுத்தார்கள் என்று வெறிபிடித்துத் திரிந்தார்கள். தபால்காரனை நிறுத்தி, முகாமுக்குள் போனது யார் என்று கேட்டார்கள். ஃபீனன் போனதைப் பார்த்தேன் என்றான். அது உண்மைதான். பார்சல் சீட்டுக்காகப் போனான், அந்தச் சீட்டை நான்தான் கொடுத்தேன் என்று சேர்த்துச் சொன்னால் முடிந்தது. சொன்னால், ராணுவத்துச் சீட்டை நீ ஏன் சுமக்கிறாய் என்று அவனைக் கேட்பார்களோ என்று பயந்தான். சொல்லவில்லை. வீட்டைக் காட்ட அவனையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். மலைக்கு ஏறும்போதும் சொல்லவில்லை. ஃபீனன் தானே சொல்லியிருக்கிறான், பூட்ஸைக் கழற்றிக் காட்டியிருக்கிறான். சாட்சி யார் என்று கேட்டார்களாம். ஃபீனன் திரும்பித் தபால்காரனைப் பார்த்தானாம். அவன் தரையைப் பார்த்தானாம்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவன் மூத்தவன், ஜெர் ஸ்கானல். சிறைக் குளிர் நெஞ்சில் தங்கி, இரத்தம் கக்கிக்கொண்டு கிடந்தபோது ஆளனுப்பிக் கூப்பிட்டான். "தப்புப் பண்ணிட்டோமா, டியர்மிட்?" என்று கேட்டான். "நீ செத்ததும் ஃபீனனையே கேளு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். டானோ ப்ரிக் கடற்பாசி ஏற்றின படகோடு முழுகிப்போனான், உடம்பு கிடைக்கவில்லை. லாரன்ஸ் ஷியா சிகாகோவில் சாரத்திலிருந்து விழுந்து செத்தான். போன மாதம் அவன் அம்மாவுக்குத் தந்தி வந்தது.

மூன்று பெயர் சொல்லிவிட்டேன்.

பேனா நின்றுவிட்டது, தங்கச்சி. கொஞ்ச நேரமாகவே நின்றிருக்கிறது. கதவு திறந்துதான் இருக்கிறது. சைக்கிள் வெளியே சாய்ந்திருக்கிறது. எழுந்து போகலாம். போகவில்லை.

"எப்போலேர்ந்து தெரியும்?" என்கிறான்.

"நீ சீட்டு குடுத்தப்ப நான் அவன் பின்னாடி நின்னுக்கிட்டிருந்தேன். வேலிக்கு வெளிய நின்னப்பவும் பார்த்தேன். கிழவனுக்குக் கண்ணு தெரியாதுன்னு நெனச்சியா? அப்ப ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருந்துச்சு."

"பின்ன ஏன் என்ன எழுதச் சொன்னே? வாத்தியார் இருந்தாரே."

"அவ கேக்குறத நீ உன் வாயால படிக்கணும். யாருன்னு அவ கேக்கக் கேக்க, நீயே எனக்குப் படிச்சுக் காட்டணும். அதுக்குத்தான்."

அழுகிறான். அழட்டும், காகிதம் நனையாமல் இருந்தால் சரி. நடந்த இந்தப் பேச்சையும் எழுது என்றேன், எழுதுகிறான்.

வாத்தியாரை விட்டு இவனிடம் ஏன் போனாய் என்று நீயும் ஒருமுறை கேட்டாய். இன்றைக்குத்தான் பதில் சொல்கிறேன். துரைக்கு இடம் காட்டப்போவதை இவன் கையாலேயே உனக்கு எழுதினேன். அன்றே போய் மற்ற மூவரிடம் சொல்லியிருந்தால் என் கூரை எரிந்திருக்கும், உன் மகன் இன்னும் அங்கேயே கிடப்பான். மூன்று மாதம் இவன் வாயைத் திறக்கவில்லை. பிறகு வந்து தோளும் கொடுத்தான். ஃபீனனுக்கு எதிரில் வாயை மூடிக்கொண்ட மாதிரியே ஃபீனனுக்காகவும் ஒருமுறை மூடிக்கொண்டான். இரண்டும் ஒன்றுக்கொன்று சரியாய்ப் போயிற்று என்று நான் சொல்லமாட்டேன். நீயும் சொல்லவேண்டாம். இவனுக்குப் பூசை வைத்தாயே, அதைத் திரும்ப எடுப்பதும் விடுவதும் உன் இஷ்டம்.

நாம் எகிப்திலிருந்து வந்தோமா என்று துரை என்னைக் கேட்டுக்கொண்டே செத்தார். எனக்குத் தெரியாது. நம்பி வந்தவனை வேவுக்காரன் என்று கொன்றவர்கள் இந்த மலையில் முதலிலேயே இருந்தார்கள், பிறகு வந்தவர்களும் அதையே கற்றுக்கொண்டார்கள் என்பது தெரியும். அந்தக் கதையில் ஈத்தைக் கொன்றவர்களின் பெயரைக்கூட அப்பா ஒன்று விடாமல் சொல்வார். செத்தவன் பெயரோடு அதையும் வைத்திருந்தார்கள். அதனால் நானும் சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தைப் பையில் போட்டு மூடுகிறவன் இவன்தான். வழியில் ஆறு இருக்கிறது, எறிந்துவிடலாம், எனக்குத் தெரியவே தெரியாது. உன் கையில் இது இருக்கிறதென்றால் இவன் கொண்டுபோய்ச் சேர்த்தான் என்று அர்த்தம்.

எழுதுடா, முழுப் பெயரையும் எழுது.

அந்த நாலு பேரில் இன்று உயிரோடு இருப்பவன் மர்ட்டி கீன்.